ஊற்றிய வண்ணத்தின் விலை

சென்ற மாதம் என் தம்பி மகள் ஒரு வட்டப் பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வணிகவியல் பட்டதாரி. வேலை பார்த்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்த பிறகு, வீட்டின் பின்னறையில் வண்ண ரெசினை ஊற்றிச் சுவர்க் கடிகாரம், தட்டு, பெயர்ப்பலகை ஆகியவற்றைச் செய்து இணையத்தில் விற்று வருகிறாள். அன்று கொண்டுவந்த பலகையில் எண்களும் இல்லை, முட்களும் இல்லை. கருநீலமும் செம்பழுப்பும் ஒன்றையொன்று தொட்டும் முழுதாகக் கலவாமலும் உறைந்து நின்றன. "இது எதற்குப் பயன்படும்?" என்று கேட்டேன். "எதற்கும் பயன்படாது, பெரியப்பா. சும்மா பார்க்கத்தான். இதற்கு என்ன விலை வைக்கலாம்? நீங்கள்தான் பொருளாதாரம் படித்தவராயிற்றே, சொல்லுங்கள்" என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் விலைக் கோட்பாடு நடத்தியவன் நான். ஆயினும் உடனடியாக விடை சொல்ல இயலவில்லை. ரெசின், நிறமி, பலகை ஆகியவற்றுக்கான செலவை அவள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஊற்றுவதற்கு ஆன நேரம் இருபது நிமிடம். இறுகுவதற்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. ஆனால், சும்மா இருந்த அந்த ஒரு நாளுக்குக் கூலி கேட்க முடியுமா என்பது அவளுடைய ஐயம்.

டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட தமது நூலின் முதல் அத்தியாயத்திலேயே இந்தச் சிக்கலைத் தொட்டுவிட்டு விலகிச் செல்கிறார். பண்டங்களின் மதிப்பு அவற்றை ஆக்கத் தேவைப்படும் உழைப்பைப் பொறுத்தது என்று நிறுவப் புகுந்தவர், அரிய சிலைகளும் ஓவியங்களும் கிடைத்தற்கரிய நூல்களும் நாணயங்களும் அந்த விதிக்குள் அடங்கா என்று ஒதுக்கிவிடுகிறார். அவற்றை எவ்வளவு உழைத்தாலும் பெருக்க இயலாது. வாங்குவோரின் செல்வமும் விருப்பமும் மாற மாற விலையும் மாறும். சந்தையில் நாள்தோறும் கைமாறும் பண்டங்களில் இவை மிகச் சிறு பகுதியே என்பதால் அவர் மேலே சென்றுவிட்டார். நாங்களும் வகுப்பில் அந்தப் பத்தியை வேகமாகக் கடந்துவிடுவோம், தேர்வில் கேட்கமாட்டார்கள்.

நீதிமன்றத்தில் ஒருமுறை கேட்டார்கள். 1877-இல் ஜேம்ஸ் விஸ்லர் என்னும் ஓவியர், இரவு வானில் வாணவேடிக்கையின் பொறிகள் உதிரும் காட்சியைத் தீட்டி லண்டனில் வைத்திருந்தார். அதைக் கண்ட கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், ஒரு குடுவை வண்ணத்தை மக்கள் முகத்தில் வீசியதற்கு 200 கினி கேட்கிறார் என்ற பொருள்பட எழுதினார். விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1878 நவம்பரில் நடந்த விசாரணையில், இரண்டு நாள் உழைப்புக்கா இந்த விலை என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்க, வாழ்நாள் முழுவதும் ஈட்டிய அறிவுக்கான விலை அது என்று விஸ்லர் விடையளித்தார். தீர்ப்பு அவர் பக்கம். இழப்பீடோ ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு. வழக்குச் செலவும் பழைய கடன்களும் சேர்ந்து அழுத்த, மறு ஆண்டே அவர் திவாலானார். காந்தியடிகள் 'சர்வோதயம்' என்ற பெயரில் குஜராத்தியில் சுருக்கித் தந்த நூலின் ஆசிரியரும் இதே ரஸ்கின்தான். உழைப்பவனின் கூலியைச் சந்தையிடம் விட்டுவிடலாகாது என்று அந்த நூலில் வாதிட்டவர், ஓர் ஓவியனிடம் மட்டும் மணிக்கணக்கு பார்த்தது எனக்கு என்றுமே வியப்பளிப்பது.

விஸ்லர் தூரிகையால் தீட்டியவர். உண்மையாகவே வண்ணத்தைக் குடுவையிலிருந்து ஊற்றிய ஒருவரின் கதையைத்தான் அன்று என் தம்பி மகளிடம் சொன்னேன். அவர் பெயர் மோரிஸ் லூயிஸ்.

சில ஆண்டுகளுக்கு முன், வாஷிங்டன் நகரிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய 'பீட்டா காப்பா' என்னும் ஓவியத்தின் முன் நின்றிருக்கிறேன். 1961-இல் உருவானது. நான்கு மீட்டருக்கும் அதிகமான அகலம். இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் பல நிறங்களில் வண்ண ஓடைகள் சாய்வாக இறங்கிக் கீழ் விளிம்பை அடைகின்றன. நடுவில் ஒன்றுமே இல்லை. வெள்ளைப் பூச்சுகூட இல்லை; வெறும் பருத்திக் கித்தான். முதலில் பார்த்தபோது, பாதியில் விட்டுவிட்ட வேலை என்றே எண்ணினேன். அருகில் சென்று பார்த்தால் தூரிகையின் தடம் எங்குமில்லை. வண்ணம் துணியின் மேல் படிந்திருக்கவில்லை, இழைக்குள் ஊறியிருந்தது. நெசவாளர் ஊரில் பிறந்தவனாகையால் எனக்கு ஓவியத்தைவிடச் சாயத்தொட்டிதான் முதலில் நினைவுக்கு வந்தது. பிறகு பின்னகர்ந்து எதிர்ச்சுவர் ஓரமாக வந்து நின்றேன். அப்போதுதான் அந்த நடு வெண்மை மொத்த ஓவியத்தையும் இருபுறமும் தள்ளித் திறந்து வைத்திருப்பது தெரிந்தது.

பால்டிமோர் நகரில் 1912-இல், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் மோரிஸ் லூயிஸ் பெர்ன்ஸ்டீன் பிறந்தார். குடும்பப் பெயரைப் பின்னாளில் கைவிட்டார். பெருமந்தக் காலத்தில் நியூயார்க் சென்று, ரூஸ்வெல்ட் அரசின் வேலைத் திட்டத்தின்கீழ் ஓவியராக ஊதியம் பெற்றார். சாலை போடுவோருக்கும் பாலம் கட்டுவோருக்கும் கூலி தந்த அதே அரசு, ஓவியருக்கும் கூலி தந்த காலம் அது. அங்கே மெக்சிகோ ஓவியர் சிக்கெய்ரோஸ் அவருக்கு அறிமுகமானார். மோட்டார் வாகனங்களுக்குப் பூசும் தொழிற்சாலை வண்ணத்தைத் தரையில் கிடத்திய பலகைகளின்மீது ஊற்றியும் தெறித்தும் பார்க்கும் பட்டறை ஒன்றை சிக்கெய்ரோஸ் 1936-இல் நியூயார்க்கில் நடத்தினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜாக்சன் பொல்லாக் அந்தப் பட்டறைக்குச் சென்றவர்களுள் ஒருவர். லூயிஸுக்கு அத்தகைய புகழ் எதுவும் உடனே வாய்க்கவில்லை. 1947-இல் மார்செல்லாவை மணந்தார். 1952-இல் வாஷிங்டனில் ஒரு சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஓவிய வகுப்பு எடுத்துச் சிறிது பொருள் ஈட்டினார். குடும்பம் நடந்தது பெரும்பாலும் மனைவியின் சம்பளத்தில்.

1953 ஏப்ரலில் ஒரு திருப்பம். சக ஓவியர் கென்னத் நோலண்டுடன் நியூயார்க் சென்ற லூயிஸை, விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் ஓர் இளம்பெண்ணின் ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். ஹெலன் ஃபிராங்கன்தாலருக்கு அப்போது வயது 24. பூச்சு ஏதும் தராத கித்தானைத் தரையில் விரித்து, டர்பன்டைனில் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை அதன்மேல் ஊற்றி ஊறவிட்டு, 'மலைகளும் கடலும்' என்ற பெரிய ஓவியத்தை முந்தைய ஆண்டுதான் முடித்திருந்தார். லூயிஸுக்கு 40 வயது. தம்மைவிடப் பதினாறு ஆண்டு இளையவரின் ஒற்றை ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், தம் வழியையே மாற்றிக்கொண்டார். பொல்லாக்கிலிருந்து அடுத்த கரைக்குச் செல்ல அந்தப் பெண்தான் பாலம் என்று பின்னர் அவரே மனந்திறந்து கூறியிருக்கிறார்.

ஃபிராங்கன்தாலரின் முறையில் ஒரு குறை இருந்தது. எண்ணெய் வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய், பூச்சில்லாத துணியில் நேரடியாக ஊறினால் வண்ணத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் விடும். நாளடைவில் இழையையும் இற்றுப்போகச் செய்யும். லூயிஸ் பயன்படுத்தியது வேறொரு பொருள். நியூயார்க்கில் வண்ணம் தயாரித்து விற்றுவந்த லியோனார்ட் போக்கூரும் அவருடைய உறவினர் சாம் கோல்டனும் 1940-களில் 'மாக்னா' என்ற புதுவகை வண்ணத்தை உருவாக்கியிருந்தனர். போர் விமானங்களின் கண்ணாடி போன்ற கூரைகளுக்குப் பயன்பட்ட அக்ரிலிக் பிசின்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிசினை டர்பன்டைனில் கரைத்து, நிறமி சேர்த்த கலவை அது. இன்று பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் அக்ரிலிக் வண்ணம் நீரில் கரைவது. மாக்னா அதற்கு முந்தியது. எவ்வளவு நீர்த்தாலும் நிறத்தின் ஒளி குன்றாது, துணியையும் அரிக்காது.

இந்த இடத்தில் என் தம்பி மகள் குறுக்கிட்டு, அது தன்னுடைய ரெசினைப் போன்றதுதானா என்று கேட்டாள். இல்லை. அவள் பயன்படுத்துவது எபாக்சி. பிசினையும் ஹார்ட்னரையும் குறிப்பிட்ட அளவில் கலந்ததும் வேதிவினை தொடங்கிவிடுகிறது, கிண்ணம் சூடாகிறது, இறுகிய பின் திரும்பக் கரையாது. மாக்னாவில் வேதிவினை ஏதும் இல்லை. டர்பன்டைன் ஆவியாகிப் பறந்துவிட்டால் பிசின் தங்கிவிடும். அதன்மேல் மறுபடி டர்பன்டைன் பட்டால் பழைய அடுக்கும் இளகும். ஆகவே லூயிஸ் இரண்டாம் நிறத்தை ஊற்றும்போது முதல் நிறம் அதற்கு இடம் கொடுத்து ஓரளவு கலந்துகொள்ளும். 'திரைகள்' என்று அழைக்கப்படும் அவருடைய ஓவியங்களில், ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிய ஒளிமிக்க நிறங்கள் நடுவில் வெண்கலப் புகைபோல் மங்கி, விளிம்பில் மட்டும் தத்தம் நிறத்தைக் காட்டி நிற்கும். எந்த நிறம் முதலில் ஊற்றப்பட்டது என்பதை அந்த விளிம்பைக் கொண்டே ஊகிக்கலாம்.

ஊற்றுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். கலவை சற்றுக் கெட்டியானால் பாதி வழியில் நின்றுவிடும். சற்று நீர்த்தால் துணியெங்கும் பரவிக் குளமாகிவிடும். லூயிஸ் கித்தானை ஒரு மரச்சட்டத்தில் தளர்வாகப் பொருத்தி, சாய்த்தும் மடித்தும் தொய்யவிட்டும் வண்ணம் ஓட வேண்டிய வாய்க்காலைத் துணியிலேயே அமைத்தார் என்று கருதப்படுகிறது. கண்ணால் கண்டவர் எவருமில்லை. 1960-இல் போக்கூர் நிறுவனம் மாக்னாவின் கலவையை அவருக்காகவே மாற்றித் தேனைப்போல் சீராக ஒழுகும்படி செய்து கொடுத்தது. 'விரிந்தவை' என்று பெயர்பெற்ற தொடர் அதன் பிறகே வந்தது. நான் கண்ட 'பீட்டா காப்பா' அந்தத் தொடரைச் சேர்ந்தது. ஓவியக் கலையின் வரலாற்றை எழுதுவோர், கடைக்காரரையும் வேதியியலையும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது முறையன்று.

இவ்வளவும் நடந்த இடம் அவர் வீட்டின் சாப்பாட்டு அறை. ஏறத்தாழ 12 அடிக்கு 14 அடி. 'பீட்டா காப்பா'வின் அகலம் ஏறக்குறைய அந்த அறையின் முழு நீளம். தாம் ஊற்றியதை விரித்து நிறுத்திப் பின்னகர்ந்து பார்க்க அவருக்கு இடமே இல்லை. காலையில் மார்செல்லா வேலைக்குப் புறப்பட்டதும் கதவு சாத்தப்படும். மாலையில் அவர் திரும்புவதற்குள் தரை துடைக்கப்பட்டு, கித்தான் சுருட்டப்பட்டு, அறை மீண்டும் சாப்பாட்டு அறையாகியிருக்கும். மனைவிகூட அவர் ஊற்றுவதைப் பார்த்ததில்லை. 'விரிந்தவை' தொடரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. அவற்றில் இரண்டு மட்டுமே அவர் உயிரோடிருந்தபோது பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. நான் பின்னகர்ந்து நின்று பார்த்தேனே, அந்த வாய்ப்பு தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றின் முன் அவருக்குக் கிட்டவில்லை.

இனி விலைக்கு வருகிறேன். லூயிஸின் ஓவியங்கள் இன்று பத்து லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போகின்றன. ஊற்றிய நேரத்தைக் கொண்டு அந்தத் தொகையை வகுத்தால் நகைப்புக்குரிய எண் ஒன்று கிடைக்கும். உழைப்பை நேர்மையாகக் கணக்கிட வேண்டுமானால், 1955 முதல் 1957 வரை அவர் வரைந்தவற்றுள் பெரும்பாலானவற்றைத் தாமே அழித்துவிட்டதையும் சேர்க்க வேண்டும். மூன்றாண்டுக் கித்தானும் வண்ணமும் உழைப்பும் எந்த வரவும் இன்றிக் குப்பைக்குப் போயின. ஒரு மருந்து நிறுவனம் தோல்வியடைந்த சோதனைகளின் செலவை வெற்றிபெற்ற மாத்திரையின் விலையில் ஏற்றுகிறது. அதை ஆராய்ச்சிச் செலவு என்கிறோம். ஓவியர் செய்தால் அதற்குப் பெயரில்லை.

அந்த ஆராய்ச்சிக்கு நிதி தந்தவர் மார்செல்லா. பிகு என்னும் பொருளியல் அறிஞர் சொன்ன ஒரு வேடிக்கையை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன்: ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும். அதே வேலை நடக்கும், ஊதியம் மட்டும் நின்றுபோவதால் கணக்கிலிருந்து மறைந்துவிடும். மார்செல்லாவின் வேலை சம்பளத்துக்கானது என்பதால் நாட்டு வருமானக் கணக்கில் ஏறியிருக்கும். ஆனால், அந்தச் சம்பளம் எதை விளைவித்தது என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஓவியத்தின் விலைச்சீட்டில் அவர் பெயர் இராது. கலைகளின் பொருளாதாரத்தை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களான பாமோலும் போவனும் 1966-இல் தங்கள் நூலை வெளியிட்டபோது, அரசு மானியம், நன்கொடை பற்றியெல்லாம் விரிவாகப் பேசப்பட்டது. உலகெங்கும் கலைக்குக் கிடைக்கும் பெரும் மானியம், சம்பளத்துக்குப் போகும் ஒரு மனைவியோ கணவனோ என்பது என் எண்ணம். புள்ளிவிவரம் கேட்டால் என்னிடம் இல்லை, நான் கண்ட குடும்பங்கள்தாம் சான்று.

அதே பாமோல் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்று முதலீட்டாளர்களைத் திகைக்க வைத்தது. மூன்று நூற்றாண்டுகளில் மறுபடி மறுபடி விற்கப்பட்ட ஓவியங்களின் விலைகளைத் திரட்டி, பணவீக்கம் நீக்கிக் கணக்கிட்டபோது, ஓவியத்தில் போட்ட பணம் ஆண்டுக்குச் சராசரியாக 0.55 விழுக்காடுதான் ஈட்டியிருந்தது. அரசுக் கடன்பத்திரம் இதைவிட அதிகம் தந்திருக்கும். கோதுமைக்கும் துணிக்கும் விலை ஒரு மட்டத்தை நோக்கி ஈர்க்கப்படுவதுபோல் ஓவியத்துக்கு இயல்பான விலை என்று ஒன்று கிடையாது, அது மிதந்துகொண்டே இருக்கும் என்பது அவர் முடிவு. பாமோல் ஓய்வு நேரத்தில் மரச்சிற்பம் செதுக்கியவர். கலையை இகழ்வதற்காக இதை எழுதவில்லை.

விலையின் இந்த மிதப்பில் பிறர் கையும் சேர்ந்துகொள்கிறது. லூயிஸ் விட்டுச்சென்ற ஓவியங்களில் பல சட்டம் போடப்படாமல், பெயரிடப்படாமல் சுருளாகக் கிடந்தன. 'பீட்டா காப்பா' என்ற பெயரே அவர் வைத்ததன்று. அவர் மறைவுக்குப் பிறகு, 'திரைகள்' தொடருக்கு ஹீப்ரு எழுத்துகளையும் 'விரிந்தவை' தொடருக்குக் கிரேக்க எழுத்துகளையும் பெயராகச் சூட்டினார்கள். கித்தானின் ஓரத்தை எந்த அளவுக்கு மடித்து ஆணியடிப்பது என்பதையும்கூடப் பலவற்றில் பிறரே முடிவுசெய்ய நேர்ந்தது. நடு வெண்மையின் அகலத்தை உயிராகக் கொண்ட ஓவியத்தில் இது சிறிய செய்தியன்று.

1962 கோடையில் லூயிஸுக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. செப்டம்பர் 7 அன்று இறந்தார். வயது 49. கதவு சாத்திய சிறு அறையில் ஆண்டுக்கணக்கில் டர்பன்டைன் ஆவியைச் சுவாசித்ததே காரணமாக இருக்கலாம் என்று அவரைப் பற்றி எழுதியோர் பலர் கருதுகின்றனர். தனியொருவரின் புற்றுநோய்க்கு இன்னதுதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாதுதான். ஆனாலும், அந்த அறையில் எவரும் அத்தனை நாள் மூச்சுவிட்டிருக்கக் கூடாது. மறு ஆண்டு, நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சி நடத்தியது. விசாலமான வெண்சுவர்களில் அவர் ஓவியங்கள் முழு அகலத்துக்கு விரிந்து நின்றன.

இந்தக் கட்டத்தில் நான் கதையை நிறுத்திவிட்டு, "உன் பின்னறையில் சன்னல் எத்தனை?" என்று கேட்டேன். ஒன்று, ஊற்றும்போது தூசி விழுமென்று அதையும் அடைத்துவிடுவாளாம். எபாக்சியில் வாடையே இல்லை, டர்பன்டைன் போலன்று என்றாள். வாடை இல்லாவிட்டாலும் ஹார்ட்னரில் உள்ள அமீன்கள் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். உடல் அவற்றுக்கு ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு வாழ்நாள் முழுவதும் சிறு துளி பட்டாலும் தடிக்கும். இறுகிய ரெசினை உரசிச் செப்பனிடும்போது பறக்கும் தூள் இன்னும் மோசம். கையுறை போடுகிறாயா என்றேன். பெரிய வேலைக்கு மட்டும் என்றாள். அவளுடைய வலக்கை மணிக்கட்டில் சிவந்த ஒரு திட்டு இருந்தது, கொசுக்கடி என்றாள்.

பிறகு இருவரும் அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு புதிய வரிகளைச் சேர்த்தோம். பின்னறையின் வாடகை. இறுகாமல் பிசுபிசுத்துப் போனதாலும் குமிழி விட்டதாலும் வீணான ஒன்பது பலகைகள். நைட்ரைல் கையுறை, முகக்கவசம், எக்சாஸ்ட் ஃபேன். சும்மா இருந்த அந்த ஒரு நாளுக்கு, பலகை சமமட்டத்தில் இருக்கிறதா என்று மணிக்கொரு முறை எழுந்துபோய்ப் பார்த்ததன் கூலி. அவள் ஊற்றும் நாளில் மூன்று வேளைச் சமையலையும் கடைக்குப் போய்வருவதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும் என் தம்பி மனைவிக்கு ஒரு வரி. அதை எழுதியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டிப் பார்த்தால், அவள் மனத்தில் வைத்திருந்த விலையைப்போல் மூன்று மடங்கு வந்தது. "இந்த விலைக்கு யார் வாங்குவார்கள், பெரியப்பா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடிக்கத் தொடங்கினாள். முதலில் அடித்தது அம்மாவின் வரியை. அடுத்து வீணான பலகைகள், வாடகை. எக்சாஸ்ட் ஃபேன் வரிக்குப் பேனா வந்தபோது தாளை நான் வாங்கிக்கொண்டேன்.